லோயிஸ் லேன் எப்போது தூங்குவாள்?

சூப்பர்மேன் ஆவதற்கு முந்தைய கிளார்க் கென்ட்டின் கதையைச் சொன்ன 'ஸ்மால்வில்' தொடர் 2001 அக்டோபரில் தொடங்கி 2011 மே வரை பத்து சீசன் ஓடியது. விண்கல் மழையோடு வந்து விழுந்த குழந்தை, பச்சைக் கல்லைக் கண்டால் சுருண்டு விழும் வாலிபன், வாரத்துக்கு ஒரு விபரீத சக்திக்காரன் என்று எல்லாவற்றையும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்ட ரசிகர்கள் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கணக்குக் கேட்டார்கள். ஸ்மால்வில் என்ற சிற்றூருக்கும் மெட்ரோபோலிஸ் என்ற மாநகருக்கும் இடையே எவ்வளவு தூரம்?

காரில் மூன்று மணி நேரம் என்பது தொடரைப் பார்த்தவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஆனால் கடைசி சீசன்களில் லோயிஸ் லேன் ஸ்மால்வில்லில் 'டாலன்' காபிக் கடையின் மாடியில் குடியிருந்துகொண்டு மெட்ரோபோலிஸில் 'டெய்லி பிளானட்' பத்திரிகைக்கு வேலைக்குப் போய் வருகிறாள். அவளுக்கு முன்பே கிளார்க்கின் தோழி குளோயியும் அப்படித்தான். சண்டை போட வேண்டும் என்று தோன்றினால் கிளார்க்கின் எதிரி லெக்ஸ் லூதர் கென்ட் பண்ணையின் கொட்டகை வாசலில் வந்து நிற்பான்; சண்டை முடிந்ததும் அடுத்த காட்சியில் மாநகர அலுவலகத்தில் கண்ணாடிச் சுவரோரம் விஸ்கியோடு நிற்பான். இந்தத் தூரத்தைப் பற்றி ரசிகர்களிடையே சில உறுதியான நம்பிக்கைகள் உலவுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்போம்.

நம்பிக்கை: அமெரிக்காவில் மூன்று மணி நேரம் கார் ஓட்டி வேலைக்குப் போவதெல்லாம் சகஜம்.

சகஜமே இல்லை. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் கணக்குப்படி 2019-இல் ஓர் அமெரிக்கர் வேலைக்குப் போக ஒரு வழிக்குச் செலவிட்ட சராசரி நேரம் 27.6 நிமிடம். ஒன்றரை மணி நேரமோ அதற்கு மேலோ பயணம் செய்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்தான். மூன்று மணி நேரக்காரர்கள் அந்த மூன்று பேருக்குள்ளும் சிறுபான்மை. மனிதர்கள் எந்த ஊரில் வாழ்ந்தாலும், எந்த வாகனம் வைத்திருந்தாலும், நாளொன்றுக்குப் போக்குவரத்துக்கென்று ஒதுக்குவது மொத்தமாக ஒரு மணி நேரத்தை ஒட்டியே இருக்கிறது என்று இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994-இல் எழுதினார். வேகமான வண்டி கிடைத்தால் மனிதர்கள் வீட்டைத் தூரத்துக்குக் கொண்டுபோவார்களே தவிர, பயண நேரத்தைக் கூட்டிக்கொள்ள மாட்டார்கள் என்பது அவர் வாதம்.

லோயிஸின் கணக்கைப் போட்டுவிடலாம். தொடர் ஓடிய காலம் முழுக்கக் கான்சாஸ் நெடுஞ்சாலைகளில் உச்ச வேக வரம்பு மணிக்கு 70 மைல், அதாவது சுமார் 113 கி.மீ. மூன்று மணி நேரத்தில் நகர நெரிசலுக்குக் கொஞ்சம் கழித்தால் தூரம் 300 கி.மீ. என்று வைக்கலாம். போக வர 600. கான்சாஸ் மாநிலத்தின் கிழக்கு மேற்கு நீளமே ஏறக்குறைய 660 கி.மீ.தான். அதாவது இந்தப் பெண் தினமும் மாநிலத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஓட்டிக்கொண்டிருக்கிறாள். லிட்டருக்கு 12 கி.மீ. கொடுக்கிற கார் என்றாலும் நாளுக்கு 50 லிட்டர் பெட்ரோல். 2008 கோடையில் அமெரிக்காவில் பெட்ரோல் கேலனுக்கு 4 டாலரைத் தாண்டியது. அந்த விலைக்கு நாளொன்றுக்கு 50 டாலருக்கு மேல் டேங்கிலேயே போயிருக்கும். எட்டு மணி நேர வேலை, ஆறு மணி நேர ஓட்டம், இடையில் வாரம் ஒருமுறை கடத்தப்படுவது. தூக்கத்துக்கு எங்கே நேரம்?

நம்பிக்கை: கான்சாஸ் தட்டை நிலம். ஊரில் ஒரு காற்றாலை மீது ஏறினால் மாநகரின் கோபுரங்கள் தெரியும்.

முதலில், கான்சாஸ் அவ்வளவு தட்டை அல்ல. 2003-இல் ஒரு நகைச்சுவை அறிவியல் இதழ் கான்சாஸையும் ஒரு பான்கேக்கையும் அளந்து பார்த்துவிட்டு, கான்சாஸே அதிகத் தட்டை என்று அறிவித்தது. அந்தக் கேலி இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2014-இல் புவியியலாளர்கள் ஒழுங்காக அளந்தபோது முதலிடம் ஃபுளோரிடாவுக்குப் போனது. கான்சாஸுக்குக் கிடைத்தது ஏழாவது இடம். கிழக்கில் சுமார் 200 மீட்டரில் தொடங்கும் நிலம் மேற்கு எல்லையில் 1,231 மீட்டர் வரை ஏறுகிறது. அந்த உச்சிக்கு மவுன்ட் சன்ஃபிளவர் என்று பெயர். பெயரை நம்பி மலையைத் தேடிப் போகிறவர்கள் புல்வெளியில் நின்றுகொண்டிருப்பார்கள், ஏனென்றால் ஏற்றம் அவ்வளவு மெதுவாக நடக்கிறது.

சரி, கண்ணாடி போல் தட்டை என்றே வைத்துக்கொள்வோம். பூமி உருண்டையாயிற்றே. 15 மீட்டர் உயரக் காற்றாலையின் மேல் நிற்பவருக்கு அடிவானம் சுமார் 14 கி.மீ. தூரத்தில் முடிந்துவிடும். அதற்கு அப்பால் 300 மீட்டர் உயரக் கட்டடம் ஒன்று இருந்தால், அதன் நுனி மட்டும் மொத்தம் 75 கி.மீ. தொலைவு வரை எட்டிப்பார்க்கும். காற்றில் ஒளி லேசாக வளைவதைச் சேர்த்தால் 80 கி.மீ. என்று வைக்கலாம். 300 கி.மீ. தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்றால் கட்டடம் ஏறக்குறைய 6 கி.மீ. உயரம் இருக்க வேண்டும். 828 மீட்டர் புர்ஜ் கலீஃபாவை ஏழு தடவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உயரம் அது. இரவில் மாநகரின் வெளிச்சம் வானத்தில் மங்கலாகப் படர்ந்து தெரிந்தால் ஒத்துக்கொள்ளலாம். கோபுரங்கள் தெரிந்தால், மூன்று மணி நேரம் என்ற கணக்குப் பொய்யாகிவிடும். இரண்டில் ஒன்றைத்தான் தொடர் வைத்துக்கொள்ள முடியும்.

நம்பிக்கை: எழுதியவர்களுக்கு வரைபடமே தெரியாது.

இது அநியாயம். தூரத்தைக் குறைக்க அவர்கள் பெரிய காரியமே செய்திருக்கிறார்கள். காமிக்ஸ்களில் மெட்ரோபோலிஸ் பெரும்பாலும் அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரை நகரம். 1990-இல் வந்த ஒரு வரைபட நூல் அதை டெலவேர் மாநிலத்தில் வைத்தது. ஸ்மால்வில் கான்சாஸில்தான் என்பது 1978 சூப்பர்மேன் படத்துக்குப் பிறகு நிலைத்தது. இரண்டையும் அப்படியே வைத்திருந்தால் நடுவே இரண்டாயிரம் கி.மீ. அளவில் இருந்திருக்கும். பள்ளிக்கூடப் பையனின் கதையில் மாநகரமும் வேண்டும், அங்கிருந்து லெக்ஸின் பணக்கார அப்பா லயனல் லூதர் வந்து போகவும் வேண்டும் என்றபோது, தொடரை உருவாக்கிய ஆல்ஃபிரட் கோவும் மைல்ஸ் மில்லரும் மெட்ரோபோலிஸையே தூக்கிக் கான்சாஸுக்குள் வைத்துவிட்டார்கள். உண்மையான கான்சாஸின் மிகப் பெரிய நகரமான விச்சிட்டாவில் ஏறக்குறைய நான்கு லட்சம் பேர்தான். அப்படிப்பட்ட மாநிலத்தின் நடுவே வானளாவிகள் நிறைந்த மாநகரை நட்டது துணிச்சல்தான்.

அப்புறம் தூரம் எப்படிச் சுருங்கியது? இதற்குப் பாதி விடை படப்பிடிப்பு நடந்த இடத்தில் இருக்கிறது. தொடரின் பெரும்பகுதி கனடாவின் வான்கூவர் வட்டாரத்தில் எடுக்கப்பட்டது. ஸ்மால்வில்லின் கடைத்தெருவாக வந்தது குளோவர்டேல் என்ற சிற்றூர். அங்கிருந்த பழைய குளோவா திரையரங்கத்தின் முகப்புதான் 'டாலன்'. 'டெய்லி பிளானட்' கட்டடமாக வந்தது வான்கூவர் நகர மையத்தில் 1930-இல் கட்டி முடித்த மெரீன் பில்டிங், உச்சியில் கம்ப்யூட்டர் வரைந்த உருண்டையோடு. இரண்டுக்கும் நடுவே சுமார் 40 கி.மீ.; காரில் ஒரு மணி நேரம். கென்ட் பண்ணை இன்னும் கொஞ்சம் கிழக்கே ஆல்டர்குரோவில். படக்குழு தினமும் இந்தத் தூரத்தைத்தான் போய் வந்துகொண்டிருந்தது. திரையில் நாம் பார்க்கும் ஊரும் நகரமும் ஒன்றுக்கொன்று பக்கத்து ஊர் போலத் தோன்றுவதில் வியப்பில்லை.

வேடிக்கை என்னவென்றால், ஊருக்குள்ளேயே இருப்பதாகக் காட்டப்படும் லூதர் மாளிகைதான் உண்மையில் எல்லாவற்றையும்விடத் தூரம். அது வான்கூவர் தீவில், விக்டோரியா நகருக்கு அருகே இருக்கும் ஹாட்லி கோட்டை. எக்ஸ்-மென் படங்களிலும் வந்த அதே கோட்டை. குளோவர்டேலிலிருந்து அங்கே போக வேண்டுமென்றால் கடலைத் தாண்ட வேண்டும். கார் ஏற்றும் படகிலேயே ஒன்றரை மணி நேரம் ஆகும். லெக்ஸ் கோபமாகக் கிளம்பிக் கென்ட் பண்ணை வாசலில் வந்து நிற்கும் ஒவ்வொரு காட்சிக்கும் நடுவே ஒரு கடல் இருக்கிறது.

நம்பிக்கை: மற்றவர்களை விடுங்கள், கிளார்க்குக்குத் தூரம் ஒரு பொருட்டே அல்ல.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இருக்கிறது. தொடருக்கு ஒரு சட்டம் இருந்தது: சூப்பர்மேனின் இறுக்கமான உடை கிடையாது, பறத்தல் கிடையாது. கிளார்க் ஓட மட்டுமே செய்வான்.

ஒலியின் வேகத்தில், மணிக்கு 1,200 கி.மீ.க்கு மேல் ஓடினாலும் 300 கி.மீ.க்குக் கால் மணி நேரம் ஆகும். வழியில் இருக்கும் ஒவ்வொரு வீட்டு ஜன்னலும் இடிமுழக்கத்தில் அதிரும். ஆனால் தொடரில் அவன் கால் மணி நேரம் எடுத்துக்கொள்வதில்லை. போனை வைத்த கையோடு வந்து நிற்கிறான். ஒரு நிமிடம் என்று வைத்தால் மணிக்கு 18,000 கி.மீ. அந்த வேகத்தில் பூமியின் வளைவைச் சுற்றி ஓடுகிறவனுக்கு எடையில் பத்துக்கு நான்கு பங்கு காணாமல் போயிருக்கும். கால் தரையில் சரியாகப் பாவாது. வேகம் நொடிக்கு 7.9 கி.மீ. ஆனால் எடை முழுவதும் போய்விடும். செயற்கைக்கோள்கள் கீழே விழாமல் சுற்றுவது இதே விதியால்தான். 300 கி.மீ. தூரத்தை 38 நொடியில் ஓடிக் கடந்தால் கிளார்க் அந்த வேகத்துக்கு வந்துவிடுவான். அதற்குமேல் அவன் ஓடவே முடியாது. தரையை உதைக்கப் பிடிமானம் இருக்காது, நிலம் வளைந்து கீழே போக, அவன் நேரே போய்க்கொண்டிருப்பான். பறக்கக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டு இவ்வளவு வேகத்தையும் கொடுத்ததில், பறப்பதைத் தவிர அவனுக்கு வேறு வழி வைக்கவில்லை.

அவன் கைகளில் யாராவது இருந்தால் இன்னும் மோசம். லோயிஸைத் தூக்கிக்கொண்டு நின்ற இடத்திலிருந்து கிளம்பி, பாதி வழி வேகமெடுத்து, மீதிப் பாதி வேகம் குறைத்து, ஒரு நிமிடத்தில் மாநகரில் நின்றால் அவள் உடம்பின் மேல் புவியீர்ப்பைப் போல 34 மடங்கு விசை அந்த நிமிடம் முழுவதும் அழுத்தும். பயிற்சி பெற்ற போர் விமானிகள், அதற்கென்றே தைத்த உடையோடு, சில நொடிகளுக்கு 9 மடங்கைத் தாங்குவார்கள். லோயிஸ் உயிரோடு போய்ச் சேர மாட்டாள்.

அதே தூரத்துக்குப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டால்? விசை நூறில் ஒரு பங்காகிவிடும். புவியீர்ப்பில் மூன்றில் ஒரு பங்கு. காரில் கொஞ்சம் அழுத்தி பிரேக் போட்டால் உடம்பு முன்னால் சாயுமே, அவ்வளவுதான். எதிர்க்காற்றை மட்டும் எப்படியாவது சமாளித்துவிட்டால் அவள் கசங்காமல் அலுவலகம் போய்விடலாம். ஒன்பதே ஒன்பது நிமிடம் பொறுமை காட்டியிருந்தால் போதும். எந்தக் காட்சியிலும் அவனுக்கு அது இருந்ததில்லை.

நம்பிக்கை: பயணத்தைக் காட்டாமல் வெட்டியதுதான் தவறு.

யாரும் மூன்று மணி நேரம் நெடுஞ்சாலையைப் பார்க்க உட்கார மாட்டார்கள். வெட்டுவது தொழில். என் குறை வேறு. மாநகரிலிருந்து கிளம்பியவள் ஊருக்கு வந்து சேரும்போது, கிளம்பும்போது சாய்ந்துகொண்டிருந்த வெயில் அதே கோணத்தில் சாய்ந்திருக்கிறது. காத்திருந்தவன் கையிலுள்ள காபி ஆறவில்லை. பயணத்தை மறைக்கலாம், ஆனால் அது எடுத்துக்கொண்ட நேரத்தையும் சேர்த்து மறைத்தால் வேறொன்று கெட்டுப்போகிறது. இந்தக் கதையில் தூரத்தை விழுங்கும் சக்தி ஒரே ஒருவனுக்குத்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது. கார் வைத்திருக்கும் எல்லோரும் அவனுக்குச் சமமாக வந்து நின்றால், அவன் வேற்றுக் கிரகத்திலிருந்து வந்து என்ன பிரயோஜனம்? ஆபத்தில் இருக்கும் குளோயியை அடைய மற்றவர்களுக்கு மூன்று மணி நேரம், கிளார்க்குக்கு மட்டும் பத்து நிமிடம் என்றிருந்தால்தான் அந்தப் பத்து நிமிடத்துக்கு மதிப்பு. இந்த விஷயத்தில் தொடரிலேயே ஒழுங்காக நடந்துகொண்டது லூதர் குடும்பம்தான்: அவர்கள் ஹெலிகாப்டர் வைத்திருந்தார்கள். மணிக்கு 250 கி.மீ. வேகத்தில் அவர்களுக்கு ஒரு மணி பன்னிரண்டு நிமிடம் ஆகும். பணமிருந்தால் தூரம் பாதிக்கு மேல் குறையும் என்பதை அவர்களாவது காட்டினார்கள்.

2011 மே 13 அன்று ஒளிபரப்பான கடைசி அத்தியாயத்தில் கிளார்க் ஒருவழியாகப் பறந்தான். அடுத்த இரண்டு மாதத்துக்குள், ஜூலை முதல் தேதியன்று, கான்சாஸ் அரசு நெடுஞ்சாலை வேக வரம்பை 75 மைலாக உயர்த்தியது. லோயிஸுக்கு ஒரு வழிக்குச் சுமார் 11 நிமிடம் மிச்சம்.