லண்டன் அமைப்பும் கறுப்புக் காய்களும்

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரப் பள்ளிகளில் சதுரங்கம் பயிலும் மாணவர் பலர், வெள்ளை அரசியின் சிப்பாய் டி4 கட்டத்துக்கு நகர்ந்ததும் அடுத்து சி4 வரும் என்றே எதிர்பார்ப்பர். குவீன்ஸ் கேம்பிட் எனப்படும் அந்தத் தொடக்கத்துக்கு விடை தெரியும். ஆனால், சி4-க்குப் பதிலாக மந்திரி எஃப்4-இல் வந்து நின்றால் என்ன செய்வது?

இதுவே லண்டன் அமைப்பு. 1922-ஆம் ஆண்டு லண்டனில் நடந்த போட்டியால் இப்பெயர் வந்தது. கறுப்பு எப்படி ஆடினாலும் வெள்ளை ஏறத்தாழ ஒரே அணிவகுப்பை அமைத்துக்கொள்ளும். சோம்பேறிகளின் தொடக்கம் என்று இதை ஏளனம் செய்வோர் உண்டு, அது சரியன்று. 2023-இல் அஸ்தானாவில் நடந்த உலக வெற்றியாளர் போட்டியின் ஆறாம் ஆட்டத்தில், சீனாவின் டிங் லிரென் இதைக் கொண்டே ரஷ்யாவின் நெப்போம்னியாச்சியை வீழ்த்தினார்.

கறுப்பு ஆட்டக்காரர் முதலில் காண வேண்டியது, சி1 கட்டத்தை விட்டு வெளியேறிய மந்திரி எதைக் காவலின்றி விட்டுச் சென்றது என்பதை. அது பி2 சிப்பாய். ஆகவே, சி5 நகர்த்தி மையத்தைத் தாக்கியபின் அரசியை பி6-க்குக் கொண்டுவரலாம். வெள்ளை அதைக் காக்க ஒரு நகர்த்தலைச் செலவிட நேரும். எனினும், கணக்கிடாமல் அந்தச் சிப்பாயை வெட்டினால் அரசியே சிக்கிக்கொள்ளக்கூடும்!

மற்றொரு வழி, தன் மந்திரியை டி6-இல் நிறுத்தி வெள்ளை மந்திரியை எதிர்ப்பது. அது ஜி3-க்குப் பின்வாங்கினால் அவசரப்பட்டு வெட்டக்கூடாது. எச்2 சிப்பாய் திருப்பி வெட்டும்போது வெள்ளை யானைக்கு வழி திறந்துவிடும். அந்தப் பக்கம் கோட்டை கட்டிய கறுப்பு அரசனுக்கு அது ஆபத்து.

2024 டிசம்பர் 1-ஆம் நாள், சிங்கப்பூரில் நடந்த உலக வெற்றியாளர் போட்டியில் டிங் லிரென் மீண்டும் இதே அமைப்பை ஆடினார். எதிரே கறுப்புக் காய்களுடன் சென்னை இளைஞர் குகேஷ். இருவரும் தலா 2.5 புள்ளிகள் பெற்றிருந்தனர். டிங் தொடக்க நகர்த்தல்களை மளமளவென்று ஆட, குகேஷின் நிலை சற்றே பின்தங்கியது. ஒரே நகர்த்தல்களைத் திரும்பச் செய்து ஆட்டத்தைச் சமனில் முடிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. அவரோ 26-ஆம் நகர்த்தலில் அரசியை எச்4-க்கு நகர்த்திப் போராட்டத்தைத் தொடர்ந்தார். ஆட்டம் 46 நகர்த்தல்களில் சமனில் முடிந்தது. டிசம்பர் 12-ஆம் நாள் கடைசி ஆட்டத்தை வென்று, 18 வயதில் குகேஷ் உலக வெற்றியாளரானார். அன்றும் அவர் ஆடியது கறுப்புக் காய்களைக் கொண்டே.