கோவிந்த தீட்சிதரும் காவிரி அணையும்

அன்புள்ள தம்பி,

"மகாமகக் குளத்தைச் சுற்றி 16 மண்டபம் கட்டினார் என்பதற்கு மேல் கோவிந்த தீட்சிதரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?" என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்வி என்னை விடமாட்டேன் என்கிறது. தலபுராணச் சிற்றேடுகளோடு நின்றுவிட்டால் இப்படித்தான் கேட்கத் தோன்றும்.

செவ்வப்பர், அச்சுதப்பர், இரகுநாதர் என மூன்று தஞ்சை நாயக்கர்களுக்கு அவர் மந்திரி. தலைக்கோட்டையில் அடிபட்ட விஜயநகரம் தேய்ந்துகொண்டிருந்த காலம். 1614இல் வேங்கடபதி ராயர் இறந்ததும் வாரிசுச் சண்டை மூண்டது. பட்டத்துக்கு வந்த ஸ்ரீரங்கரை ஜக்கராயன் என்ற பிரபு குடும்பத்தோடு தீர்த்துக்கட்டினான். தப்பிய பிள்ளை ராமதேவனை யாசம நாயக்கர் காப்பாற்றினார். மதுரையும் செஞ்சியும் ஜக்கராயனோடு சேர, தஞ்சை அந்தப் பிள்ளைக்குத் துணை நின்றது. ஆனால் தஞ்சையிலோ அச்சுதப்பர் உயிரோடு இருக்கும்போதே மகன் இரகுநாதருக்குப் பட்டம் கட்டிவிட்டு ஸ்ரீரங்கம் போய்விட்டார். மூன்று தலைமுறையின் நம்பிக்கையைப் பெற்ற மந்திரி பக்கத்தில் இருந்ததால்தான் இது முடிந்தது என்பது என் துணிபு.

அந்த வாரிசுச் சண்டையில் நடந்த தோப்பூர்ப் போரை ஒட்டி எதிரிகள் காவிரி அணையை உடைத்ததாகத் தஞ்சை அரசவைக் காவியங்கள் சொல்கின்றன. இதை ஒரு வரியில் தாண்டிப் போகாதே. கல்லணைக்குப் போய் நின்று பார். வடக்கே கொள்ளிடம் பள்ளத்தில் கிடக்கிறது. அணை மறிக்காவிட்டால் தண்ணீர் உள்ளாறு வழியாக அதில் சரிந்து கடலுக்குப் போய்விடும். காவிரியிலும் வெண்ணாற்றிலும் மணல்தான் மிஞ்சும். வாய்க்கால் வறண்டால் நாற்றங்கால் கருகும், களத்தில் நெல் இருக்காது, படைக்குச் சோறும் இருக்காது. தீட்சிதர் மந்திரியாக இருந்த தஞ்சையை வீழ்த்தக் கோட்டை வரை வரவேண்டியதில்லை என்பது எதிரிக்குத் தெரிந்திருக்கிறது. நம் பாடப்புத்தகங்கள் யானையையும் குதிரையையும் எண்ணுகின்றன, மதகை எண்ணுவதில்லை!

இன்னொன்று. கர்நாடக இசையின் 72 மேளங்களை வகுத்தவர் தீட்சிதர் என்று மேடையில் பேசுகிறார்கள். கேட்டால் எரிச்சல் வருகிறது. அது மகன் வேங்கடமகியின் வேலை. இரகுநாதர் பெயரில் வழங்கும் 'சங்கீத சுதா'வை எழுதியது தன் தந்தையே என்று தன் நூலான சதுர்தண்டிப் பிரகாசிகையில் சொல்பவரும் அந்த மகன்தான். அரசன் பெயரில் நூல் எழுதிக்கொடுத்த மந்திரி, அரசன் பெயரில் வேறு என்னென்ன செய்திருப்பார்? அதைத் தேடு.

மகாமகக் குளத்து மண்டபம் ஒன்றின் விதானத்தில் துலாபாரக் காட்சி செதுக்கியிருக்கிறது. அதையும் பார்த்துக் குறித்துக்கொள். கட்டுரையை மட்டும் 1614இல் தொடங்கு.

அன்புடன்,
உன் ஆசிரியர்