ஆர்மாமலையில் ஒரு முகூர்த்தம்

சாமாயிகத்திற்குரிய இடம் எத்தகையது என்பதைச் சிராவகாசார நூல்கள் எடுத்துரைக்கின்றன. கலக்கம் விளைவிக்கும் ஏதுக்கள் இல்லாத ஏகாந்தமாக அஃது இருத்தல் வேண்டும். காடாயினும் ஆகலாம், வீடாயினும் ஆகலாம், ஜினாலயமாயினும் ஆகலாம். தொண்டை நாட்டில் அறம் வளர்த்த முனிவர் பெருமக்கள் இவ்விலக்கணம் பொருந்திய இடங்களைப் பெரும்பாலும் குன்றுகளிலேயே கண்டனர். வேலூரைச் சுற்றியுள்ள மலைகளே இதற்குச் சான்று. ஆர்க்காட்டை அடுத்த பஞ்சபாண்டவர் மலையில் பல்லவன் நந்திவர்மனின் 50ஆம் ஆட்சியாண்டில் பொன்னியக்கியார் திருவுருவம் வடிக்கப்பெற்றது. வள்ளிமலையில் கங்க மன்னன் இராசமல்லன் எடுப்பித்த பள்ளியைக் கன்னடக் கல்வெட்டு கூறும். பாண அரசனின் குருவாகிய தேவசேனரின் உருவத்தை அங்கே செய்வித்தவர் ஆரியநந்தி. இன்று வள்ளிமலைக்கு முருகன் அடியார்கள் திரளாக வருகின்றனர். பாறையில் அமர்ந்துள்ள அருகர் உருவங்களைக் காண்போர் சிலரே.

இவ்விதழில் நாம் பாடமாகக் கொள்ள விரும்புவது, ஆம்பூர்ப் பக்கத்தில் மலையம்பட்டு என்னும் சிற்றூரை அடுத்துள்ள ஆர்மாமலை. அங்குள்ளது இயற்கையான குகை. கி.பி. 8ஆம் நூற்றாண்டில் அது சமணப் பள்ளியாயிற்று என்பர். குகைக்குள் சுடாத பச்சை மண் செங்கற்களால் எழுப்பிய சுவர்கள் உள்ளன. செங்கல்லைச் சூளையிலிட்டுச் சுட்டால் மண்ணிலும் விறகிலும் வாழும் நுண்ணுயிர்கள் எத்தனை மாயும் என்று எண்ணியே பச்சைச் செங்கல்லை ஏற்றனரோ என நமக்குத் தோன்றிற்று. இஃது ஆராய்ச்சியாளர் கூற்றன்று. அங்கே அமர்ந்திருந்தபோது எழுந்த எண்ணமே.

கூரையிலும் சுவரிலும் வண்ண ஓவியங்களின் எச்சங்கள் காணப்படுகின்றன. ஆட்டின்மேல் தேவியோடு வரும் அக்கினி முதலிய திக்குப் பாலகர் உருவங்களும், தாமரைக் குளமும் நீர்ப்பறவையும் அரைகுறையாக எஞ்சியுள்ளன. சித்தன்னவாசல் விதானத்துக் குளத்தைக் கண்டவர்கள் இதனை உடனே அடையாளம் காண்பர். சமவசரணத்தைச் சூழ்ந்துள்ள நீர்நிலையையே அக்குளம் குறிக்கும் என்பது அறிஞர் கருத்து. ஓவியம் உதிர்ந்துவிட்ட இடங்களில் வெறும் பாறையே தெரிகிறது.

சென்ற மார்கழியில் சில அன்பர்களுடன் நாம் அங்குச் சென்றோம். ஆம்பூர் வழியே செல்லும்போது தோல் பதனிடும் ஆலைகளின் நாற்றம் வண்டிக்குள் புகுந்தது. மலையேறிய பின்னும் அது எம் மேலாடையை விட்டு அகலவில்லை. குகையில் காற்று குளிர்ந்திருந்தது. தொலைவில் ஆடு மேய்ப்பவர் குரல் ஒன்றைத் தவிர ஓசையே இல்லை. ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம், சாமாயிகத்தில் அமர்வதென உறுதி கொண்டோம். உண்மையைக் கூறுவதாயின், அதில் முற்பாதி முழுவதும் நாற்றத்தை வெறுப்பதிலேயே கழிந்தது. அவ்வாலைகளையும் அவற்றில் தொழில் செய்வோரையும் மனம் ஏசிக் கொண்டிருந்தது. நாம் உயர்ந்த அறத்தினர் என்னும் செருக்கும் உடன் எழுந்தது.

இந்நிலைக்கு ஆகமம் பெயரிட்டுள்ளது. ஆர்த்தத் தியானம் நான்கு வகைப்படும். விரும்பியது பிரிதல், விரும்பாதது வந்து சேர்தல், நோய் வேதனை, எதிர்காலப் பயனில் வேட்கை ஆகியவற்றால் மனம் அலைவது அது. இவற்றுள் இரண்டாவதாகிய அநிஷ்ட சம்யோகமே அன்று எம்மைப் பற்றியது. கண்ணை மூடி, முதுகு நிமிர்த்தி அமர்ந்திருந்தும் தியானம் தீத்தியானமாகவே இருக்கக் கூடும். மலையின் அமைதி இதனைத் தடுப்பதில்லை. ஊர் ஆரவாரத்தில் மறைந்து கிடக்கும் கசடு மலையமைதியில் தெளிவாகத் தெரிகிறது. ஏகாந்தத்தால் உடனடியாகக் கிட்டும் நன்மை அதுவே.

முகூர்த்தம் முடிந்ததும், உடன் வந்த முதியவர் ஒருவர் தாம் கொண்டு வந்த நீரை மீண்டும் வடிகட்டினார். வடித்த நீர் ஒரு முகூர்த்தத்திற்கே தூயது என்பதை அவர் கைவிடாது கடைப்பிடிப்பவர். இருமடியாக மடித்த கெட்டித் துணியில் நீரை வடித்து, துணியை வடித்த நீராலேயே அலசி, அலசிய நீரைச் சிறு செம்பில் ஊற்றி மூடி வைத்தார். ஜீவாணி எனப்படும் அந்நீரை, எக்கிணற்றில் நீர் எடுக்கப்பட்டதோ அக்கிணற்றிலேயே சேர்த்தல் வேண்டும். மேலிருந்து கொட்டுதல் கூடாது. நீர்மட்டம் வரை இறக்கி மெல்லக் கவிழ்த்தல் வேண்டும். நீரை வடிப்பதை அறிந்த நம் வீட்டார் பலர், ஜீவாணியை மீளச் சேர்க்கும் இப்பிற்பாதியை மறந்துவிட்டனர். தன் தூய்மைக்காக வடிப்பது ஒன்று. அவ்வுயிர்கள் தம் இடத்திற்கு மீள வேண்டும் என்று கருதுவது மற்றொன்று. விரதம் இரண்டும் கூடியது.

அப்போது அவர் ஒரு வினா எழுப்பினார். "என் ஊர்க் கிணற்று நீருக்கு இது சரி. ஆம்பூர்ப் பக்கம் என் மகள் வீட்டில் கேன் தண்ணீர் வாங்குகிறார்கள். வீட்டுக் கிணறு உப்பேறிப் பழுப்பாகிவிட்டது. பாத்திரம் கழுவவும் ஆகாது. அங்கே வடிகட்டினால் ஜீவாணியை எந்தக் கிணற்றில் விடுவது? அந்தக் கிணற்றில் விட்டால் நானே கொன்றவனாவேன் அல்லவா?"

நமக்கு விடை தெரியவில்லை. தலைக்கு மேலே தாமரைக் குளம் உதிர்ந்து கொண்டிருந்தது.

அக்கிணறு எவ்வாறு அந்நிலை அடைந்தது என்பது மறைவான செய்தியன்று. முற்காலத்தில் ஆவாரம் பட்டை முதலியவற்றால் தோல் பதனிட்டனர். 1970களில் அரசின் ஏற்றுமதிக் கொள்கை, முழுதும் முடித்த தோலையும் தோற்பொருள்களையும் ஊக்குவித்தது; குரோம் உப்பு கொண்டு பதனிடுதல் பெருகிற்று. ஒரு கிலோ தோலை முடிக்க ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும், இவ்வட்டாரத்தில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகாததாயிற்று என்றும் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில் குறிக்கப்பட்டுள்ளது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கு அது. மாசுபடுத்தியவரே ஈடு செய்தல் வேண்டும் என்னும் நெறி இந்தியச் சட்டத்தில் வேரூன்ற அத்தீர்ப்பு துணை செய்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. எனினும் பாலாற்றின் துயர் தீர்ந்திலது. 2025 சனவரி 30ஆம் நாள் அதே நீதிமன்றம் மீண்டும் இழப்பீடும் கண்காணிப்பும் குறித்து ஆணையிட நேர்ந்தது.

இதனிடையே 2015 சனவரி 31ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில், இராணிப்பேட்டையில் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. அருகே உறங்கிக் கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் கழிவுச் சேற்றில் சிக்கி மாண்டனர். பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள். பிரமாதம், அதாவது கவனமின்மை, அதனோடு கூடி உயிரைப் போக்குதலே ஹிம்சை என்று தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது. மலைமேல் அமர்ந்து நாம் ஏசிய 'அத்தொழில் செய்வோர்' என்பவருள் அப்பதின்மரும் அடங்குவர். இது நினைவுக்கு வந்தபோது எம் செருக்கு சற்றே தாழ்ந்தது.

தர்மத் தியானத்தின் நான்கு வகைகளுள் அபாய விசயம் இரண்டாவது. உயிர்கள் எவ்வாறு வழி தவறித் துன்புறுகின்றன, அவை எவ்வாறு மீளும் என்று சிந்திப்பது அது. ஆர்த்தத் தியானத்தில் மனம் எந்தப் பொருளைப் பற்றிச் சுழன்றதோ, அதே பொருளை இங்கேயும் கொள்ளலாம். நாற்றம் அதுவே, நோக்கு வேறு. நீரையே உடலாகக் கொண்ட ஓரறிவு உயிர்கள், அந்நீரில் திரியும் சிற்றுயிர்கள், வயலை இழந்த உழவர், சேற்றில் மாண்ட கூலியாள், கடன் வாங்கி ஆலை நடத்துபவர் என இவர்களை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தோம். அவ்வரிசையில் தோல் இடைவாரும் காலணியும் அணிந்து மலையடிவாரம் வரை வந்த நாமும் நின்றோம். எம்முள் மூவர் அணிந்திருந்தது தோற்காலணியே. அதனைக் கழற்றிவிட்டு ஏறியதால் தூய்மை வந்ததாக எண்ணியிருந்தோம்.

இரண்டாம் முறை அமர்ந்த முகூர்த்தம் விரைவில் கழிந்தது.

இறங்கும்போது முதியவரிடம் நாம் கூறியது இதுவே: கேன் நீரை வடித்தால் விரதத்தின் முற்பாதி நிறைவேறும், அக்கிணறு மீண்டும் உயிர் தாங்கும் வரை பிற்பாதி நிலுவையில் நிற்கும், நிலுவை என்று அறிந்து வைத்திருப்பதும் சிராவகர் கடமை. அவர் முழுமையாக ஒப்பினார் என்று கூற இயலாது. ஊர் சேர்ந்ததும் செம்பிலிருந்ததைத் தம் கிணற்றில் இறக்கிவிட்டார். மறுவாரம் மகள் வீட்டுக் கிணற்று நீரைக் குப்பியில் எடுத்துச் சென்று குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் கொடுத்தார். முடிவு கைக்கு வந்ததும், அதனைக் கிராம சபையில் வைக்கப் போவதாக நமக்கு எழுதியுள்ளார்.