பள்ளிவாசலைப் பெருக்கிய பெண்மணி



மதீனாவில் நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலை ஒரு கறுப்பினப் பெண்மணி பெருக்கி வந்தார். (ஆணா, பெண்ணா என்று அறிவிப்பில் ஐயம் வருகிறது, பெண் என்பதே வலுவானது.) அவர் இரவில் மவ்த்தானபோது, நபியவர்களிடம் சொல்லாமலே தோழர்கள் அடக்கம் செய்துவிட்டார்கள். அவரைக் காணோமே என்று நபியவர்கள் விசாரித்த பிறகுதான் செய்தி தெரிந்தது. எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டு, கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று ஜனாஸா தொழுதார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான சம்பவம் இது. அவருடைய விஷயத்தைச் சிறிதாகக் கருதிவிட்டதைப் போல இருந்தது என்றும் அறிவிப்பில் வருகிறது.

கவனியுங்கள். அந்தப் பெண்மணிக்கு யாரும் தீங்கு நினைக்கவில்லை. நபியவர்களை எழுப்பும் அளவுக்கு இது அவசரமா என்று தோன்றிவிட்டது, அவ்வளவுதான்.

தீங்கு நினைத்தே செய்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டஸ்கீகி என்ற ஊரில், 1932இல் அரசு சுகாதாரத் துறையினர் சிபிலிஸ் நோயுள்ள 399 ஏழைக் கறுப்பின ஆண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். "உங்களுக்குக் கெட்ட ரத்தம்" என்று மட்டும் சொன்னார்கள். சாப்பாடு கொடுத்தார்கள், இறந்தால் அடக்கச் செலவையும் ஏற்பதாகச் சொன்னார்கள். மருந்து மட்டும் கொடுக்கவில்லை. சிகிச்சை இல்லாவிட்டால் நோய் உடலை எப்படி அழிக்கிறது என்று பார்ப்பதுதான் நோக்கம்! 1940களில் பெனிசிலின் வந்த பிறகும் மறைத்தார்கள். 1972இல் பத்திரிகைகள் வெளிக்கொண்டு வரும்வரை 40 வருடம் இது நடந்தது. அதிபர் கிளிண்டன் மன்னிப்புக் கேட்டது 1997இல். அங்கே கறுப்பின மக்களில் பலர் இன்றும் ஆஸ்பத்திரியை நம்பத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். அவர்களை அறியாமையில் இருப்பதாகக் குறை சொல்வது நியாயமா?

ஆனால் இன்று நடப்பதில் பெரும்பகுதி முதல் வகைதான். கொரோனா காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்தோமே, ஆக்ஸிஜன் அளவு காட்டும் கருவி! தோல் வழியாக ஒளியைச் செலுத்தி அளக்கிறது. கருத்த தோலில் உண்மையான அளவைவிடக் கூட்டிக் காட்டிவிடக்கூடும். அமெரிக்காவில் 2020இல் வெளியான ஆய்வில், ஆக்ஸிஜன் குறைந்தும் கருவி காட்டிக் கொடுக்காமல் விட்டது வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ 3 மடங்கு அதிகம் என்று தெரிந்தது. கருவி செய்தவருக்குப் பகை இல்லை. எல்லாத் தோலிலும் சரியாகச் சோதிக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

அதே கருவி நம் வீட்டு அலமாரியிலும் இருக்கிறது. நம்மில் பலருடைய நிறமும் கருப்புதான். வீட்டில் பெரியவர் ஒருவர் மூச்சு முட்டுகிறது என்று சொல்லி, கருவி 95 என்று காட்டினால், அவர் சொல்வதை நம்புங்கள். எண் இறங்கட்டும் என்று காத்திருக்காமல் டாக்டரிடம் கூட்டிச் செல்லுங்கள்.