கோடை உணவுக்குத் தை மாதத்திலேயே ஏற்பாடு



இந்த இதழ் உங்கள் கைக்கு வந்து சேரும் வேளையில் மானாவாரிக் கம்பு அறுவடை முடிந்து களத்தில் தானியம் குவிந்திருக்கும். புரட்டாசிப் பட்டத்தில் விதைத்த கோவில்பட்டி, விளாத்திகுளம் பகுதிக் கரிசல் விவசாயிகளில் பலர், தூற்றிய மறுநாளே மூட்டை பிடித்து வியாபாரிக்கு நிறுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். கடன் பாக்கியும் பொங்கல் செலவும் நெருக்கும்போது இதைத் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் வீட்டுக்கென்று ஒரு மூட்டைகூட ஒதுக்காமல் அனைத்தையும் வண்டியேற்றிவிட்டு, சித்திரை வெயிலில் அதே கம்பை மாவாகப் பையில் அடைத்து விற்கும்போது கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறோமே, அதைப் பற்றித்தான் இங்கு எழுதுகிறேன்.

சமையலைப் பற்றி உழவியல் ஆசிரியர் எழுதுவதா என்று சிலர் சிரிக்கலாம். பங்குனியில் வட்டிலில் என்ன விழும் என்பது, தையில் குதிரிலும் மாசியில் நிலத்திலும் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே இதுவும் பயிர்த் திட்டம்தான்.

எவ்வளவு ஒதுக்குவது?

ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு வேளைக் கூழுக்கு முக்கால் கிலோ கம்பு போதும். பங்குனி, சித்திரை, வைகாசி ஆகிய மூன்று மாதங்களுக்கு ஏறக்குறைய 68 கிலோ ஆகிறது. தவிடு, கழிவு போக 80 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கேழ்வரகு பயிரிடுவோர் இதில் ஒரு பகுதியைக் கேழ்வரகாக வைத்துக்கொள்ளலாம்.

இந்தத் தானியங்களின் மதிப்பை எண்களில் பார்ப்போம். 100 கிராம் கம்பில் 6 முதல் 8 மில்லிகிராம் இரும்புச் சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் இது 1 மில்லிகிராமுக்கும் குறைவு. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 340 மில்லிகிராமுக்குக் குறையாது. அரிசியில் 10 மில்லிகிராம் இருந்தாலே அதிகம். இரத்தச் சோகையால் களைத்துப்போகும் பெண்களும், வளரும் பிள்ளைகளும் உள்ள வீட்டில் இந்த வேறுபாடு சிறியதன்று. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபோது நகரத்தார் இதைக் கேட்டு வியந்தார்கள். விளைவிக்கிற நாம்தான் விற்றுவிட்டு அரிசிக்கு மாறிவிட்டோம்.

மாவு கசப்பது ஏன்?

"கம்பு மாவு கசக்கிறது, பிள்ளைகள் வாயில் வைப்பதில்லை" என்று கிராமப் பயிற்சி முகாம்களில் பெண்கள் சொல்லுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். நானும் இதில் பட்டவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அடிக்கடி அரைக்க அலுப்புப்பட்டு 5 கிலோ கம்பை ஒரே நாளில் அரைத்து டப்பாவில் வைத்தேன். இரண்டாவது வாரமே வாடை வந்துவிட்டது. முக்கால் பங்கு மாவு வீணாயிற்று.

குறை கம்பில் இல்லை, அரைத்து வைப்பதில் இருக்கிறது. அரிசியில் கொழுப்பு அரை சதவீத அளவே உண்டு. கம்பிலோ 5 சதவீதம் உண்டு. அந்தக் கொழுப்பைச் சிதைக்கும் நொதியும் அதே மணிக்குள் இருக்கிறது. மணி முழுதாக இருக்கும்வரை இரண்டும் பெரும்பாலும் ஒன்றையொன்று தொடாமல் இருக்கும். அரைத்தவுடன் கலந்து, வெயில் காலத்தில் ஒரு வாரம் பத்து நாளில் மாவு சிக்குப் பிடித்துக் கசந்துவிடும். எனவே சேமிப்பது தானியமாகவே இருக்க வேண்டும். அரைப்பது நான்கைந்து நாட்களுக்கு வேண்டியது மட்டுமே. அடிக்கடி அரவை ஆலைக்குப் போக முடியாதவர்கள், நன்கு கொதிக்கும் நீரில் கம்பை அரை நிமிடம் முக்கி எடுத்து, வடித்து, வெயிலில் முறுகக் காயவைத்து அரைக்கலாம். சூடு பட்டதும் நொதியின் வேகம் பெரிதும் அடங்கிவிடும். மாவு மேலும் ஓரிரு வாரங்கள் தாங்கும்.

சேமிக்கும் கம்பைத் தார்ப்பாயில் பரப்பி இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவிடுங்கள். பல்லில் கடித்தால் 'படக்' என்று உடைய வேண்டும். நசுங்கினால் ஈரம் இருக்கிறது என்று பொருள். சூடு ஆறிய பிறகே மூட்டை கட்டவும். உலர்ந்த வேப்பிலையைக் கலந்து, தரையில் படாமல் பலகை மேல் அடுக்கவும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. பூக்கும் பருவத்தில் மழையும் மூடாக்கும் இருந்த வயல்களில் தேன் ஒழுகல் நோய் வந்திருக்கலாம். அந்தக் கதிர்களில் மணி இருக்க வேண்டிய இடத்தில் கருத்த, கெட்டியான பூசணக் கட்டிகள் உருவாகும். இவை நஞ்சு. கம்புடன் சேர்த்துச் சமைத்து உண்டால் குமட்டல், வாந்தி, தலைச்சுற்றல், மயக்கம் ஏற்படும். 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ சமையல் உப்பைக் கரைத்து, அதில் தானியத்தைக் கொட்டிக் கிளறுங்கள். பூசணக் கட்டிகள் மிதக்கும். அவற்றை அரித்தெடுத்துக் குழியில் புதைத்துவிடவும். கோழிக்கோ மாட்டுக்கோ போடக் கூடாது. அடியில் தங்கிய தானியத்தை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி உலர்த்தவும்.

கூழ் காய்ச்சும் முறை

முக்கால் கிலோ கம்பில் ஒரு கை தண்ணீர் தெளித்துப் பிசறிக் கால் மணி நேரம் வைத்தால் மேல்தோல் நெகிழும். உரலில் இட்டு மெல்லக் குத்திப் புடைத்து, மீண்டும் குத்தி நொய்யாக உடைக்கவும். உரல் இல்லாவிட்டால் மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டிப் புடைக்கலாம். கூழ் பல வீடுகளை விட்டுப் போனதற்குக் காரணம் ருசி மாறியது என்கிறார்கள், நான் ஒப்புக்கொள்ளவில்லை. குத்திப் புடைக்கும் வேலை முழுவதும் பெண்கள் தலையில் விழுந்ததே காரணம். கோடையில் உழவு ஓய்ந்திருக்கும் ஆண்கள் உலக்கையைப் பிடித்தால் என்ன குறைந்துவிடும்?

காலையில் நொய்யை நீர்மோரில் ஊறவிட்டால் மாலையில் காய்ச்சலாம். நொய்யைப் போல் நான்கு பங்கு தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஊறியதை ஊற்றி, அடிபிடிக்காமல் துடுப்பால் கிளறிக்கொண்டே இருக்கவும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் இறக்கி, ஆறவைத்து உருண்டை பிடித்து, மண்பானைத் தண்ணீரில் போடவும். மறுநாள் காலையில் மோரும் உப்பும் சேர்த்துக் கரைத்தால் கூழ் தயார். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், அதுவே நீராகாரம். அக்கினி நட்சத்திர வெயிலில் உருண்டையை ஓர் இரவுக்கு மேல் வைக்க வேண்டாம்.

மோரில் ஊறிப் புளிக்கும்போது, இரும்புச் சத்தை உடல் ஏற்கவிடாமல் தடுக்கும் பொருள் குறைகிறது. கடித்துக்கொள்ளும் மாங்காய்த் துண்டில் உள்ள வைட்டமின் சி அந்தச் சத்தை உடல் ஏற்க உதவுகிறது. கூழுக்கு மாங்காய் வைத்த நம் பாட்டிமார்களுக்கு வைட்டமின் பெயர் தெரிந்திருக்காது. ஆனால் கூழ் குடித்த கையோடு தேநீர் குடிப்பது வேண்டாம்; அது இரும்புச் சத்தைக் கட்டிவிடும். ஒரு மணி நேரமாவது போகட்டும்.

கிணற்றடியில் மூன்று சென்ட்

கூழுக்குத் தொடுகறி வேண்டும். கோடையில் தண்ணீர் குறையும் என்பதால் பெரிய தோட்டம் வேண்டாம். தொட்டி நீர் வழிந்தோடும் இடத்தில் 3 சென்ட் போதும். சோப்பு கலந்த நீரைக் கீரைக்கு விடாதீர்கள்.

மாசி முதல் வாரத்தில் குழி எடுத்து, மக்கிய தொழுவுரம் இட்டு வெள்ளரி விதைக்கவும். குழிக்கு நான்கைந்து விதை ஊன்றி, முளைத்த பின் இரண்டு செடிகளை விட்டுவிட்டு மற்றவற்றைக் களையவும். இளஞ்செடியில் சிவப்பு வண்டு இலையைச் சல்லடையாக்கும். பனி ஈரம் காயுமுன் அடுப்புச் சாம்பலைத் தூவினால் பெரும்பாலும் அடங்கும். பங்குனிக் கடைசியில் பிஞ்சு பறிக்கலாம். கொத்தவரை வெயிலைத் தாங்கும் பயிர். ஆனால் நான்கு நாளுக்கு ஒருமுறை பறிக்காவிட்டால் நார் பிடித்துவிடும். கீரைக்கு நான்கு சிறு பாத்திகள் கட்டி, வாரத்துக்கு ஒரு பாத்தியாக விதையை மணலுடன் கலந்து தூவுங்கள். முதல் பாத்தி 25ஆம் நாளில் பறிப்புக்கு வரும். பறித்த பாத்தியில் மறுபடி விதைக்கலாம். கடலைத் தோலையோ வைக்கோலையோ செடியடியில் பரப்பினால் பாய்ச்சும் தண்ணீர் மிச்சப்படும். வரப்போரம் ஒரு முருங்கை இருந்தால் கோடையில் காய்க்குக் குறைவிருக்காது.

மிஞ்சும் கொத்தவரையை உப்பு நீரில் அரைவேக்காடாக வேகவைத்து, புளித்த மோரில் ஊறவைத்து உலர்த்தவும். மிளகாயைக் கீறி இரவில் உப்பு மோரில் ஊறவிட்டு, பகலில் காயவைத்து, மோர் வற்றும்வரை இவ்வாறே செய்யவும். வற்றல் ஒடியும் பதத்துக்கு வந்த பிறகே ஜாடியில் அடைக்க வேண்டும். பூசணம் பூத்ததைத் துடைத்து வறுத்து உண்பது ஆபத்து, தூக்கி எறியுங்கள்.

வெயிலில் வேலை செய்வோர் வியர்வையில் நீரையும் உப்பையும் சேர்த்தே இழக்கிறார்கள். ஆகவே வயலுக்கு வெறும் தண்ணீர் மட்டும் கொண்டுபோகாமல், உப்பிட்ட நீர்மோர் ஒரு தூக்கு கூடவே போகட்டும். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மோர் மிளகாய், ஊறுகாய் ஆகியவற்றைக் குறைத்துக்கொண்டு, உப்பு அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசியாக விதை. நீங்கள் பயிரிட்டது கோ 10 போன்ற கூட்டு ரகமாக இருந்தால், சாப்பாட்டு மூட்டையைக் கட்டுவதற்கு முன்பே, வயலின் நடுப்பகுதியில் விளைந்த நோயற்ற பெரிய கதிர்களைத் தனியே அடித்து, ஏக்கருக்கு 2 கிலோ வீதம் விதை எடுத்து வையுங்கள். வீரிய ஒட்டுக் கம்பாக இருந்தால் அதிலிருந்து விதை எடுக்கக் கூடாது. ஆவணிக்குள் புது விதைக்குச் சொல்லி வைத்துவிடவும்.