தீவக அரச ஊழியருக்கு: அக்ரஹார மட்டும் போதாது

நெடுந்தீவிலும் நயினாதீவிலும் பணிபுரியும் ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும், "அரச வைத்தியசாலையில் வைத்தியம் இலவசம்தானே, சம்பளத்தில் அக்ரஹார காப்புறுதிக்கு ஏன் கழிக்க வேண்டும்?" என்று கேட்பது நியாயமே. ஆனால் தீவில் இருப்பவருக்கு நோயின் செலவு மருந்தோடு முடிவதில்லை. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம், பிறகு யாழ்ப்பாணத்துக்கு பஸ்; கூட வருபவரின் சாப்பாடும் தங்குமிடமும் கைக்காசுதான். தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்தும் அக்ரஹார திட்டம் அரச வைத்தியசாலையில் தங்கிய நாட்களுக்கும் கொடுப்பனவு தருகிறது. இதில் துணைவரும் பிள்ளைகளும் அடங்குவர். அவர்களின் பெயர்கள் பதிவாகியுள்ளனவா என்று அலுவலகத்தில் இப்போதே பாருங்கள். அக்ரஹாரவின் வெள்ளி, தங்கத் திட்டங்களுக்கு மாறுவதைக் குடும்பத்தினரின் வயதையும் நோயையும் வைத்தே முடிவு செய்யுங்கள்.

எனினும் இது பெரும்பாலும் நோய் வந்தபின் கைகொடுக்கும் ஏற்பாடு. அலுவலகச் சுகவாழ்வுத் திட்டங்கள் அந்தக் குறையை நிரப்புமா? அத்தகைய திட்டங்களைப் பற்றி 2019இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், 18 மாதங்களின் பின்னும் குருதியமுக்கம், கொலஸ்திரோல் போன்ற அளவுகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. இதனால் நோய்ப் பரிசோதனையே வீண் என்றாகாது. உயர் குருதியமுக்கம் பெரும்பாலும் அறிகுறி காட்டாது. கண்டறிந்து மருந்தைத் தொடர்வதே பயன் தருவது. 35 வயதைக் கடந்தவர்கள் சுகாதாரத் திணைக்களத்தின் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையத்தில் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம். இன்னொன்று: காப்புறுதிக் கொடுப்பனவைக் கோருவதற்காக, வைத்தியசாலை விடுதியிலிருந்து வெளியேறும்போதே நோய் நிர்ணய அட்டையையும் பற்றுச்சீட்டுகளையும் சரிபார்த்து வாங்கிவிடுங்கள், தவறினால் அதற்காக மீண்டும் படகேற வேண்டும்.