டின் நம்பர் எடுத்தால் வரி கட்ட வேண்டுமா?



முன்னேஸ்வரம் திருவிழாவுக்குப் போன கையோடு உடப்புக்கும் போய் வந்தோம். நம்ம தோட்டத்துத் தம்பி ஒருவர் அங்கே கருவாட்டு வியாபாரம் செய்கிறார். எங்களைக் கண்டதும் அவர் கேட்டது இதுதான்: "ஐயா, டின் நம்பர் எடுத்தா வரிக்காரங்க பிடிச்சிடுவாங்களாமே? நானும் எடுக்கல்ல, லயத்துல இருக்கிற அம்மாவையும் எடுக்க வேணாம்னுட்டேன்."

அந்தப் பயத்தால் அந்த அம்மாவுக்கு நட்டம் வந்துகொண்டிருந்தது. இதே கேள்விகள் உங்களில் பலருக்கும் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. டின் நம்பர் என்றால் என்ன?

வரி செலுத்துனர் அடையாள இலக்கம். உள்நாட்டு இறைவரித் திணைக்களம் கொடுப்பது. அடையாள அட்டை இருப்பதால் யாரும் குற்றவாளி ஆவதில்லை. அதேபோல டின் நம்பர் இருப்பதாலேயே யாரும் வரி கட்ட வேண்டியதில்லை. வருமானம் எல்லையைத் தாண்டினால்தான் வரி. இலக்கம் எடுக்கக் கட்டணமும் கிடையாது. எடுத்துத் தருகிறோம் என்று காசு கேட்பவர்களிடம் ஏமாறாதீர்கள்.

2. அந்த எல்லை எவ்வளவு?

2025 ஏப்ரல் 1 முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா. அதாவது மாதம் 1,50,000 ரூபா. வரி ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடியும். நாட்சம்பளம் 1,750 ரூபா, மாதம் 25 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். மாதம் 43,750, ஆண்டுக்கு 5,25,000 ரூபா. எல்லையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே கொழுந்து பறிக்கும் அக்காமார் பயப்பட ஒன்றுமில்லை.

3. வியாபாரத்துக்கு எப்படிக் கணக்குப் பார்ப்பது?

விற்ற காசு முழுவதும் வருமானம் அல்ல. உடப்புத் தம்பியின் தொழிலையே உதாரணமாக எடுப்போம். ஆண்டு விற்பனை 60 இலட்சம். மீன் வாங்கியது, உப்பு, லொறி வாடகை, கூலி எல்லாம் 38 இலட்சம். மிச்சம் 22 இலட்சம். இதில் 18 இலட்சத்தைக் கழித்தால் 4 இலட்சம். முதல் 10 இலட்சத்துக்கு வரி 6 வீதம். ஆகவே வரி 24,000 ரூபா மட்டுமே.

ஆனால் செலவைக் காட்டப் பில் வேண்டும். கரைவலைக்காரரிடம் மீன் வாங்கினால் பில் கிடைக்காது என்பீர்கள். அப்படியானால் திகதி, எடை, விலை மூன்றையும் அன்றன்றே கொப்பியில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். வீட்டுச் சாப்பாட்டுச் செலவையும் பிள்ளையின் கல்யாணச் செலவையும் இதில் சேர்க்கக் கூடாது.

4. எப்போது கட்ட வேண்டும்?

சுயதொழில்காரர் நான்கு தவணையில் கட்டலாம்: ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. தம்பியின் கணக்குப்படி ஒரு தவணைக்கு 6,000 ரூபா. வரி ஆண்டு முடிந்த பின் வரும் நவம்பர் 30க்குள் விபரத்திரட்டு அனுப்ப வேண்டும். திணைக்களத்திலிருந்து கடிதம் வந்தால் அடுப்பில் போடாதீர்கள். வரி இல்லாவிட்டாலும் பதில் கொடுக்க வேண்டும்.

5. வங்கி ஏன் வட்டியில் வெட்டுகிறது?

இதுதான் அந்த அம்மாவின் கதை. ஊழியர் சேமலாப நிதிக் காசு 10 இலட்சத்தை நிலையான வைப்பில் போட்டிருக்கிறார். 8 வீதம் என்றால் ஆண்டு வட்டி 80,000 ரூபா. 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 வீதம் பிடிக்கிறார்கள். போவது 8,000 ரூபா. அவரது வருமானம் 18 இலட்சத்துக்குக் கீழே. ஆகவே பிடிக்க வேண்டாம் என்று வங்கியில் ஒரு பிரகடனம் எழுதிக் கொடுக்கலாம். அதற்கு டின் நம்பர் வேண்டும்! எந்த நம்பருக்குப் பயந்தாரோ அந்த நம்பர்தான் அவர் காசைக் காப்பாற்றும். பிரகடனத்தை ஒவ்வொரு வரி ஆண்டுக்கும் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே பிடித்ததை விபரத்திரட்டு அனுப்பித் திரும்பக் கேட்கலாம்.

ஊர் வந்ததும் அந்த அம்மாவுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தோம். "நாப்பது வருசம் மலையேறிச் சேர்த்த காசுங்கய்யா" என்றார். அந்தக் காசில் ஒரு ரூபாகூட அறியாமையால் போகக் கூடாது.

சந்தேகம் இருந்தால் அடையாள அட்டையுடன் நலன்புரி அலுவலகத்துக்கு வாருங்கள். இறைவரித் திணைக்களத்தின் 1944 இலக்கத்துக்கும் பேசலாம். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.